'மார்க்கெட்' என்னும் ஒரு சொல்லும் அதற்கு நேரான தமிழ்ப் பெயர்களும்: மண்டி மொஹல்லாவை முன்வைத்து ஒரு சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

மைசூர் நகரின் தேவராஜா மார்க்கெட்டுக்கு வடபால் மண்டி மொஹல்லா என்னும் பகுதி அமைந்துள்ளது. கோட்டை, லஷ்கர், நசர்பாத், தேவராஜா, கிருஷ்ணராஜா, சாமராஜா ஆகிய மொஹல்லாக்களோடு சேர்த்து நகரின் பழைய பிரிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது இது. இப்பெயரைக் காணும் தமிழர், அரிசி மண்டியும் வெல்ல மண்டியும் வரிசையாக அமைந்த தெருக்களை மனத்திற்கொள்வார். இந்தி அறிந்தவர், உழவர்கள் விளைபொருளைக் கொணர்ந்து குவித்து ஏலத்தில் விற்கும் பெரியதொரு களத்தை நினைப்பார். ஆங்கிலத்தில் எழுதுபவர் இவ்விரண்டையும் 'மார்க்கெட்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுவார்.

சிக்கல் எதிர்த்திசையிலும் உண்டு. 'மார்க்கெட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முற்படுபவர்முன் சந்தை, அங்காடி, கடைவீதி, மண்டி, பேட்டை, விற்பனைக்கூடம், கிராக்கி, விலை நிலவரம் எனப் பல சொற்கள் வந்து நிற்கின்றன. இருமொழி அகராதிகள் இவற்றுட் பலவற்றை ஒருபொருட் பன்மொழிகளாக அடுக்கித் தருகின்றன. ஆனால், இச்சொற்களின் வரலாற்றை நோக்கின், ஒவ்வொன்றும் வாணிகத்தின் வெவ்வேறு கூறினைப் பற்றி நிற்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதும், அவற்றுள் 'மண்டி' என்பதை ஆராயாது கையாளுமிடத்து நேரக்கூடிய பொருள்மாறாட்டத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. ஆங்கிலச் சொல்லின் பொருட்பரப்பு

ஆங்கிலத்தில் 'மார்க்கெட்' பழஞ்சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் வாணிகத்தையும் அது நிகழும் இடத்தையும் குறித்த சொல் இன்றைய 'சீப்' என்பதன் முன்வடிவமாகும். இலண்டன் நகரின் 'சீப்சைடு' என்னும் தெருப்பெயரில் அச்சொல் இன்றும் அங்காடி என்னும் பொருளிலேயே வாழ்கின்றது. 'நல்ல பேரம்' என்று பொருள்பட்ட தொடரினின்றும் பிரிந்து, 'மலிவான' என்னும் பெயரடையாக அது பின்னர்க் குறுகிற்று. அதன் இடத்தைப் பிடித்தது, சரக்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்து, வட பிரெஞ்சு வழியாக வந்த 'மார்க்கெட்' ஆகும்.

புகுந்த சொல் தன் பொருளை விரித்துக்கொண்டே சென்றது. விற்போரும் வாங்குவோரும் கூடும் கூட்டம், அவர்கள் கூடும் இடம், கூடும் நாள், ஒரு பொருளுக்குள்ள தேவை, அதனை வாங்கக்கூடிய மக்கள் தொகுதி, விலையின் அன்றைய நிலை, பங்குகளும் நாணயங்களும் கைமாறும் அமைப்பு, அரசின் தலையீடின்றி விலையைத் தீர்மானிக்கும் பொருளாதார முறை ஆகிய அனைத்தும் இன்று அச்சொல்லின் பொருள்களே. இவற்றுள் முன்னைய மூன்றும் கண்ணாற் காணத்தக்கவை. பின்னையவை கருத்துப் பொருள்கள். காட்சிப் பொருளினின்றும் கருத்துப் பொருளுக்குச் சென்ற இந்நெடும் பயணம் முழுவதையும் ஆங்கிலம் ஒரே சொல்லைக்கொண்டு நடத்தியுள்ளது.

ஆங்கிலத்திலும் ஒத்தபொருட் சொற்கள் இல்லாமல் இல்லை. 'ஃபேர்' என்பது இலத்தீனில் திருநாளைக் குறித்த சொல்லின் வழிவந்தது. 'பஜார்' பாரசீகத்தினின்றும் பெறப்பட்டது. 'எம்போரியம்' கிரேக்கச் சொல். இவற்றுள் இறுதியாகக் கூறியது தமிழக வரலாற்றோடு தொடர்புடையது. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தாலமி காவிரிப்பூம்பட்டினத்தைக் கபேரிஸ் என்னும் எம்போரியமாகக் குறித்தார். அவர் வெளியிலிருந்து நோக்கி ஒரே சொல்லாற் சுட்டிய அந்நகரின் வாணிக இடங்களை, அந்நகரைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் எவ்வாறு பெயரிட்டு வழங்கினர் என்பதை அடுத்துக் காணலாம்.

2. பழந்தமிழ் வழக்குகள்

2.1 அங்காடி

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் பகல் வாணிகத்தை நாளங்காடி என்றும், மாலைக்குப் பின்னர் நிகழ்வதை அல்லங்காடி என்றும் பிரித்து வழங்குகின்றது. சிலப்பதிகாரம், புகாரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரநிழலில் நாளங்காடி அமைந்திருந்ததைக் கூறுகின்றது. அங்காடி என்னும் பொதுச்சொல் இடத்தைக் குறித்து நிற்க, காலவேறுபாட்டை அடைமொழி தருகின்றது.

சோழர் காலத்தும் இச்சொல் பெருவழக்கிலிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்னும் பெயர் காணப்படுகின்றது. கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் அங்காடிப்பாட்டம் என்பதும் இடம்பெறுகின்றது. ஆயின் பேச்சுத் தமிழில் இச்சொல் பிற்காலத்தே மங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் ஆர்வத்தாலும் ஆட்சித்தமிழ் முயற்சிகளாலும் பல்பொருள் அங்காடி முதலிய தொடர்கள் வழியாக மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.

அண்டை மொழிகள் இச்சொல்லை விடாது போற்றியுள்ளன. ஆனால் அளவில் வேறுபாடு உண்டு. கன்னடத்தில் 'அங்கடி' என்பது தனிக்கடையைக் குறிக்கும். மண்டி மொஹல்லாவில் ஒரு சிறு பெட்டிக்கடையும் அங்கடியே. மலையாளத்தில் 'அங்ஙாடி' கடைகள் நிறைந்த தெருவையும் குறிக்கும். ஆகவே கன்னட நூலொன்றில் வரும் 'நியாயபெலெ அங்கடி' என்பது தமிழில் நியாயவிலைக் கடையே. வடிவ ஒற்றுமை கருதி அதனை அங்காடி எனப் பெயர்ப்பின், ஒரு கடை கடைத்தெருவாக விரிந்துவிடும்.

2.2 ஆவணம்

பட்டினப்பாலையில் ஆவணம் என்பது கடைத்தெருவைக் குறிக்கின்றது. இதனை வடமொழி ஆபணம் என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். பின்னாளில் ஆவணம் என்ற வடிவம் விற்பனைப் பத்திரத்தைக் குறிப்பதாயிற்று. சோழர் கல்வெட்டுகளின் நில விற்பனைப் பகுதிகளில் வரும் ஆவணக்களரி என்னும் சொல், விற்பனை எழுத்துமூலம் உறுதிசெய்யப்பட்ட இடத்தைக் காட்டுகின்றது. இன்று ஆவணம் என்றால் எவ்வகைப் பதிவேடும் ஆகும். ஆவணக் காப்பகத்தில் பணிபுரிவோர் எவரும் அதனைக் கடைத்தெருக் காப்பகம் எனக் கருதார். கடைத்தெருவைக் குறித்த ஆவணமும் பத்திரத்தைக் குறித்த ஆவணமும் ஒரே சொல்லின் வளர்ச்சியா, வடிவத்தால் ஒத்த இரு சொற்களா என்பது தனித்து ஆராயத்தக்கது. எவ்வாறாயினும், சங்க நூல்களைப் பெயர்ப்போர் இன்றைய பொருளை அன்றைய சொல்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும்.

2.3 நியமமும் நகரமும்

மதுரைக்காஞ்சியிலேயே கடைத்தெருக்களைக் குறிக்க நியமம் என்ற சொல்லும் வருகின்றது. இது நிகமம் என்பதன் திரிபு. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் குறிக்கப்படுகின்றனர். ஆங்கு நிகமம் என்பது வணிகர் குழுவைச் சுட்டுவதாக அறிஞர் கொள்வர். குழுவின் பெயர் அக்குழு தொழில்புரியும் தெருவுக்கும் பெயராகி, பின்னர்த் தமிழில் வழக்கொழிந்தது. கன்னடத்திலும் இந்தியிலும் நிகமம் இன்று சட்டத்தால் அமைக்கப்படும் கழகங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் பெயராக உயிர்பெற்றுள்ளது.

இதனோடு ஒப்பிடத்தக்கது நகரம் என்னும் சொல். சோழர் கால ஆவணங்களில் நகரம் என்பது வணிகர் சபையையும் அச்சபை ஆளும் வாணிக ஊரையும் குறித்தது. இன்று அது பேரூரைக் குறிக்கும் பொதுச்சொல். வாணிகம் நகரத்தை உண்டாக்கிற்று என்னும் வரலாற்றுண்மை, சொல்லின் பொருள் மாற்றத்திலேயே பதிவாகியுள்ளது எனலாம்.

3. நாளும் ஊரும்: சந்தை, பேட்டை, தாவணி

அங்காடி இடத்தை முதன்மையாகக் கொண்டதுபோலச் சந்தை காலத்தை முதன்மையாகக் கொண்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சந்தை என்பது வாரத்தில் ஒருநாள் கூடிக் கலைவது. சந்தை கூடாத நாளில் அவ்விடம் வெறுந்திடலே. குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்னும் ஊர்ப்பெயர்களில் கிழமையே அடைமொழியாயிற்று. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையும் செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்றதே. கன்னடத்தில் 'சந்தெ', தெலுங்கில் 'சந்த', மலையாளத்தில் 'சந்த' என இச்சொல் திராவிட மொழிகள் பலவற்றில் பொதுவாக வழங்குகின்றது.

பேட்டை என்பது கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியேறி வாழ்ந்த ஊர்ப்பகுதி. 1734 ஆம் ஆண்டில் நெசவாளர் குடியிருப்பாகச் சென்னையில் உருவான சிந்தாதிரிப்பேட்டை இதற்குத் தக்க சான்று. தமிழில் பேட்டை ஊர்ப்பெயரளவில் நின்றுவிட்டது. கன்னடத்திலோ 'பேட்டெ' வாணிகப் பொருளை இழக்கவில்லை. பங்கு வாணிகத்தைக் கன்னட நாளிதழ்கள் 'ஷேருபேட்டெ' என எழுதுகின்றன. தமிழ் அதனைப் பங்குச்சந்தை என்கின்றது. ஒரே கருத்துக்கு ஒரு மொழி இடப்பெயரையும் மற்றொரு மொழி காலப்பெயரையும் அடிப்படையாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

மதுரையின் மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தின் பெயர். மாடுகளைப் பிணிக்கும் கயிற்றுக்குரிய தாவணி என்னும் பெயர், மாடுகள் கட்டி விற்கப்படும் இடத்துக்கு ஆகிவந்தது. மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல்களைப் பற்றி விலைபேசும் முறையை அறிந்தோர், வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் அப்பால் எவரும் அறியாத விலையும் உண்டு என்பதை உணர்வர். பொருளாதார நூல்கள் கூறும், அனைவரும் அறிந்த 'மார்க்கெட் விலை' என்னும் கருத்து இத்தகைய வாணிகத்துக்கு எளிதிற் பொருந்துவதன்று.

கருத்துப் பொருளைத் தமிழில் ஏற்றுக்கொண்ட சொல் சந்தையே. சந்தைப் பொருளாதாரம், பணச்சந்தை, உழைப்புச் சந்தை முதலிய தொடர்கள் நிலைத்துவிட்டன. இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. அங்காடி என்றதும் கட்டடமும் தெருவும் தோன்றும். சந்தையோ இடத்தை ஒட்டி நில்லாது, கூடுதலாகிய நிகழ்ச்சியை ஒட்டி நிற்பது. ஆகவே இடமற்ற வாணிகத்தைக் குறிக்க அது இணங்கிற்று எனக் கருதலாம். இரண்டாம் உலகப் போரையொட்டிய பங்கீட்டுக் காலத்தில் பரவலாக வழங்கிய கள்ளச்சந்தை என்னும் தொடரும் இதற்குத் துணைசெய்யும். மறைவில் நிகழும் வாணிகத்துக்குக் கட்டடமோ தெருவோ இல்லை. கன்னடம் அதனைக் 'காளசந்தெ' என்றும் மலையாளம் 'கரிஞ்சந்த' என்றும் வழங்குதலால், அண்டை மொழிகளும் இதே சொல்லைத் தேர்ந்தமை விளங்கும்.

4. கடல்கடந்த வழக்குகள்

இலங்கைத் தமிழில் சந்தை வாரச்சந்தை என்னும் எல்லைக்குள் நில்லாது, நாள்தோறும் இயங்கும் நிலையான சந்தைக்கும் பெயராக வழங்குகின்றது. சுன்னாகம், சாவகச்சேரி முதலிய ஊர்களின் சந்தைகள் இதற்குச் சான்று. வாணிகவியலைக் குறிக்கும் சந்தைப்படுத்தல் என்னும் கலைச்சொல் அங்குப் பாடநூல்களில் உறுதிபெற்றதற்கு, இவ்விரிந்த வழக்கும் ஒரு காரணமாகலாம். பேட்டை என்பதனோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படும் 'பெட்டா' என்னும் பெயரால் ஆங்கிலத்தில் அறியப்படும் கொழும்பின் வாணிகப் பகுதி, இலங்கைத் தமிழில் புறக்கோட்டை எனப்படுகின்றது. கோட்டைக்குப் புறத்தேயுள்ளது என்னும் பேட்டையின் பொருளை அப்பெயர் அப்படியே விளக்கி நிற்கின்றது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் 'பாசார்' வழங்குகின்றது. பாரசீகப் 'பஜார்' மலாய் வழியே தமிழர் நாவில் புகுந்த வடிவம் அது. அதே மலாய் மொழி, கடை என்னும் தமிழ்ச் சொல்லைக் 'கெடாய்' எனத் தனதாக்கிக்கொண்டது. இரவில் கூடும் 'பாசார் மாலாம்' இன்றைய தமிழ் இதழ்களில் இரவுச் சந்தை ஆகின்றது. மதுரைக்காஞ்சியின் அல்லங்காடியை அறிந்தோருக்கு அத்தொடர் புதிதாகத் தோன்றாது. ஆனால் சிங்கப்பூரில் வழங்கும் ஈரச்சந்தை, ஆங்கிலத் தொடரை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தமையால் வந்தது. மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் இடம் என்பது அச்சூழலை அறியாத தமிழருக்கு அத்தொடரால் விளங்காது.

5. மண்டி: சொல்லும் பெயரும்

5.1 சொற்பிறப்பு

தமிழில் மண்டி என்னும் வடிவம் பல பொருள் தருவது. எண்ணெயின் அடியில் தங்கும் கசடு மண்டி. முழந்தாளிடுதல் மண்டியிடுதல். புதர் மண்டிக் கிடத்தல் என்புழி அது 'மண்டு' என்னும் வினையின் எச்சம். மக்கள் நெருங்கிக் கூடுதலால் மண்டி எனப்பட்டது என இவ்வினையோடு வாணிகச் சொல்லை இணைப்பது எளிதே. எனினும் அது ஏற்புடைத்தன்று. மக்கள் மிகுதியாகக் கூடும் சில்லறைக் கடைத்தெருவைத் தமிழர் எவரும் மண்டி என்பதில்லை. மாறாக, மொத்த வாணிகர் சிலரே வந்துபோகும் இடத்துக்கு அப்பெயர் வழங்குகின்றது. மேலும், பஞ்சாப் முதல் கருநாடகம் வரை இச்சொல் வாணிகப் பொருளில் பரவியுள்ளமை, அது வடக்கினின்றும் வந்த கடன்சொல் என்பதையே காட்டும்.

வட இந்தியக் கல்வெட்டுகளில் வரும் மண்டபிகா என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புறுத்துவர். 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சியாதோணிக் கல்வெட்டில் மண்டபிகா என்பது சரக்குகளுக்குத் தீர்வை பெறப்பட்ட வாணிக இடத்தைக் குறிக்கின்றது. சிறு மண்டபம் என்பதே அதன் நேர்ப்பொருள். தீர்வை தண்டுவதற்கெனப் போடப்பட்ட மண்டபம், அதனைச் சூழ்ந்து நிகழ்ந்த வாணிகத்துக்கே பெயராயிற்று எனலாம். சென்னையில் இதற்கு ஒப்பான பெயரமைப்பைக் காணலாம். 1996 இல் கோயம்பேட்டிற்கு மாற்றப்படும்வரை மொத்தக் காய்கறி வாணிகம் நடைபெற்ற இடம் கொத்தவால்சாவடி. நகரக் காவல் அதிகாரியின் சாவடி என்பது அப்பெயரின் பொருள். சாவடி என்பது இன்றும் சுங்கச்சாவடி என்னும் தொடரில் தீர்வை பெறும் இடத்தையே குறிக்கின்றது.

மொஹல்லா அரபுமொழிச் சொல். பயணத்தினிடையே இறங்கித் தங்குதலைக் குறிக்கும் அடியினின்றும் பிறந்தது. மகால் என்பதும் அவ்வடியின் வழிவந்ததே. எனவே மண்டி மொஹல்லா என்னும் பெயரின் இருபகுதிகளும் தமிழருக்கு முற்றும் அயலானவை அல்ல. ஒன்று மண்டபத்தின் உறவு, மற்றொன்று மகாலின் உறவு. திருமண மண்டபம் என்றும் திருமண மகால் என்றும் இன்று ஒருபொருளில் வழங்கும் இரு சொற்களின் கிளைகள், மைசூரில் ஒரு வாணிகத் தெருத்தொகுதியின் பெயரில் இணைந்துள்ளன. தமிழகத்து இசுலாமியரிடையே மஹல்லா என்பது ஒரு பள்ளிவாசலின் நிருவாகத்துக்கு உட்பட்ட குடியிருப்பைக் குறிக்கும். மைசூரிலோ சமய வேறுபாடின்றி நகரப் பிரிவுகள் அனைத்தும் மொஹல்லா எனப்படுகின்றன. பாரசீகமும் தக்கணி உருதுவும் மைசூர் ஆட்சியிலும் வாணிகத்திலும் வேரூன்றுவதற்கு 1761 முதல் 1799 வரை நிலவிய ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சி பெருங்காரணமாயிருந்தது.

5.2 தெற்கில் நேர்ந்த பொருட்சுருக்கம்

தமிழகத்தில் மண்டி என்பது பெரும்பாலும் தனிவணிகர் ஒருவர்க்கு உரிய மொத்தக் கடையைக் குறிக்கும். மண்டிக்காரர் உழவருக்கு முன்பணம் தருவார். விளைச்சல் மண்டிக்கு வந்ததும் அதனை ஏலமிட்டோ பேசி முடித்தோ விற்று, தரகு, ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுப்பார். முன்பணம் பெற்ற உழவர் வேறிடத்தில் விற்க இயலாமற்போவதும் உண்டு. கன்னடத்தில் 'அடிகெ மண்டி' என வழங்கும் பாக்கு மண்டியும் இத்தகையதே.

வடக்கிலோ மண்டி என்பது களம் முழுவதையும் குறிக்கும். அக்களத்தினுள் கடைவைத்துத் தரகு பெறும் வணிகரை 'ஆடத்தியா' என்பர். தமிழர் மண்டி எனக் கருதுவது அந்த ஆடத்தியாவின் கடையையே. சுருங்கக் கூறின், முழுமையைக் குறித்த வடசொல் தெற்கே வந்து உறுப்பைக் குறிப்பதாயிற்று. இப்பொருட்சுருக்கமே மொழிபெயர்ப்பில் இடர் விளைவிப்பது.

6. சட்டத்தில் மூன்று பெயர்கள்

விளைபொருள் விற்பனையில் எடை, தரகு, கழிவு ஆகியவற்றில் நிகழ்ந்த முறைகேடுகளை நோக்கி, ஒழுங்குபடுத்தப்பட்ட மார்க்கெட்டுகளை அமைக்குமாறு 1928 இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933 இல் வாணிகப் பயிர்களுக்கான மார்க்கெட் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றின. பஞ்சாபின் சட்டம் 1961 ஆம் ஆண்டினது. கருநாடகத்தின் சட்டம் 1966 ஆம் ஆண்டினது. தமிழ்நாட்டில் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்களின் ஆங்கிலச் சொல் ஒன்றே. இந்திய மொழிகளில் அது வெவ்வேறு பெயர் பெற்றது. இந்தியில் மார்க்கெட் குழு 'மண்டி சமிதி' ஆயிற்று. கன்னடத்தில் 'மாருகட்டெ சமிதி' ஆயிற்று. மாருகட்டெ என்பதில் மாரு என்பது விற்றலையும், கட்டெ என்பது மேடையையும் குறிக்கும். ஒலியால் ஆங்கிலச் சொல்லையும் பொருளால் கன்னட வேர்களையும் தழுவி நிற்பதால், அச்சொல் மக்கள் நாவில் எளிதில் அமைந்தது. மைசூரில் மண்டி மொஹல்லா என்னும் பெயர் தக்கணி வழக்கைப் பாதுகாத்து நிற்க, நஞ்சன்கூடு செல்லும் சாலையில் பண்டிபாளையத்திலுள்ள சட்டவழிக் களம் மாருகட்டெயாகவே அறியப்படுகின்றது. தமிழ்நாடோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்றும் விற்பனைக்குழு என்றும் பெயரிட்டது. மண்டி, சந்தை என்னும் வழக்குச் சொற்கள் இரண்டும் விலக்கப்பட்டன. மண்டிக்காரரின் பிடியினின்றும் உழவரை விடுவிப்பதற்கென ஏற்பட்ட ஓர் அமைப்புக்கு மண்டி எனப் பெயரிட்டிருப்பின், அது தமிழில் முரணாகவே ஒலித்திருக்கும். விற்பனைக்கூடத்தில் வணிகர் ஒருவர் கேட்கும் விலையைப் பிறர் அறியாதவாறு மறைமுக ஏலம் நடத்தப்படுகின்றது. உழவர் வாடிக்கையாளருக்கு நேரே விற்பதற்கென 1999 நவம்பர் 14 இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தையில் சந்தை என்னும் பெயர் மீண்டும் ஆட்சித்தமிழில் இடம்பெற்றது.

2020 செப்டம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றிய விவாதத்தில் இப்பெயர் வேறுபாடு நேரடியான முக்கியத்துவம் பெற்றது. அவற்றுள் ஒரு சட்டம், மார்க்கெட் குழுக்கள் நடத்தும் களங்களுக்கு வெளியேயுள்ள இடங்களை வாணிகப் பரப்பு என வரையறுத்து, ஆங்கு மாநிலங்கள் மார்க்கெட் கட்டணம் பெறுவதைத் தடுத்தது. பஞ்சாப், அரியானா உழவர்கள் மண்டி முறை அழியும் என அஞ்சிப் போராடினர். நெல்லும் கோதுமையும் குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் செய்யப்படும் இடம் அவர்களுக்கு மண்டியே. 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன.

இச்செய்தியைத் தமிழாக்குபவர், உழவர் இனி மண்டிக்கு வெளியே விற்கலாம் என்று எழுதுவதாகக் கொள்வோம். இந்திச் சொல்லைத் தமிழெழுத்தில் அவர் பிழையின்றித் தந்துள்ளார். ஆயினும் தமிழ் உழவர், தரகு மண்டிக்காரரிடமிருந்து தமக்கு விடுதலை கிடைத்ததாகவே அத்தொடரைப் பொருள்கொள்வார். சட்டம் கூறியதோ, அரசு ஒழுங்குபடுத்திய களத்துக்கு வெளியே விற்கலாம் என்பதாகும். அக்களமாக அறிவிக்கப்படாத தனியார் மண்டியும் அவ்வெளியில் அடங்கும். ஆகவே அத்தொடர் தமிழில் ஏறத்தாழ எதிர்ப்பொருளைத் தந்துவிடும். பஞ்சாப் மண்டியின் பணிகளைத் தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், நெல்லுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையமும், தனியார் மண்டியும் பிரித்துக்கொண்டுள்ளன. எந்தப் பணி பேசப்படுகின்றது என்று அறிந்தே சொல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஒருவர் தம் வாழ்வாதாரத்தைப் பற்றி முடிவெடுப்பதற்குரிய செய்தியில் இப்பிழை நேருமாயின், அதனை மொழிநடைக் குறையாகக் கொண்டு புறந்தள்ள இயலாது.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

மேற்கண்டவற்றால், 'மார்க்கெட்' என்னும் சொல்லை எதிர்கொள்பவர் முதலிற் சில வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். எங்கே என்பது கருத்தாயின் அங்காடி, கடைவீதி என்பன பொருந்தும். எப்பொழுது என்பது கருத்தாயின் சந்தை பொருந்தும். யாருடையது என்னும் வினாவுக்கு மண்டி விடையாகும். எந்த விதியின்கீழ் என்னும் வினாவுக்கு விற்பனைக்கூடம் விடையாகும். இடமும் நாளும் ஆளும் இன்றி, கொடுக்கல் வாங்கல் என்னும் உறவு மட்டுமே கருதப்படுமாயின் சந்தை ஏற்றது.

சிலவிடங்களில் பெயர்ச்சொல்லையே தவிர்த்தல் தமிழ் மரபுக்கு ஒத்தது. ஒரு பொருளுக்கு மார்க்கெட் உண்டு என்பதனைக் கிராக்கி உண்டு எனலாம். மார்க்கெட் இறங்கிவிட்டது என்பது விலை இறங்கிவிட்டது என்பதே. திரைத்துறையினர் ஒரு நடிகருக்கு மார்க்கெட் போய்விட்டது என்னுமிடத்து, சந்தை போய்விட்டது எனத் திருத்துதல் எவருக்கும் விளங்காது. மக்கள் வழக்கு ஆங்கிலச் சொல்லையே ஏற்று அதற்கொரு தனிப்பொருளும் தந்துவிட்ட இடம் அது.

சட்ட நூல்களில் மேலும் விழிப்பு வேண்டும். மார்க்கெட் எல்லை என்பது பல ஊர்களை உள்ளடக்கிய நிருவாகப் பரப்பு. மார்க்கெட் களம் என்பது மதில்சூழ்ந்த ஓரிடம். மார்க்கெட் குழு என்பது ஆட்கள். இவை மூன்றிலும் சந்தை என ஒரே முன்னொட்டை இடுவது ஒழுங்குபோலத் தோன்றினும், எல்லைக்கும் களத்துக்கும் உள்ள வேறுபாடு மறையாதவாறு பின்னொட்டுகளை வரையறுத்துக்கொண்ட பின்னரே அவ்வாறு செய்தல் தகும்.

முடிவுரை

தமிழில் 'மார்க்கெட்' என்பதற்கு நேர்ச்சொல் இல்லை என்பது குறையன்று. இடம், காலம், உடைமை, விதி ஆகிய கூறுகளைத் தனித்தனியே பெயரிட்டு வழங்கும் மரபு தமிழில் தொன்றுதொட்டு இருந்துவருகின்றது. ஆவணமும் நியமமும் வாணிகப் பொருளை இழந்தன. அங்காடி மறைந்து மீண்டது. சந்தை திடலினின்றும் பொருளாதார நூலுக்கு ஏறிற்று. மண்டி வடக்கே களமாகவும் தெற்கே கடையாகவும் நிற்கின்றது. இம்மாற்றங்கள் அனைத்தையும் கால வரிசையிலும் வட்டார வாரியாகவும் பதிவுசெய்யும் வாணிகச் சொல்லகராதி ஒன்று தமிழுக்குத் தேவை. அதற்கான தரவுகள் கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் மட்டுமன்றி, மண்டிகளின் கணக்குப் பேரேடுகளிலும், ஏலம் கூறுவோர் பேச்சிலும், ஊர்களின் பெயர்களிலும் உள்ளன. மாட்டுத்தாவணியில் மாட்டு வாணிகம் நின்றுபோனது. செவ்வாய்ப்பேட்டையின் கிழமை பெயரளவில் எஞ்சியது. மண்டி மொஹல்லா என்பது இன்று முகவரியில் எழுதப்படும் ஒரு பெயர். இத்தகைய பெயர்களின் பொருளைக் கூறவல்ல முதியோர் உள்ளபொழுதே அவற்றைத் தொகுப்பது மொழியியலார் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.